நிறுத்தத் தெரியாதவர்கள்

என் தங்கை வண்டியோடு விழுந்த செய்தி வந்தபோது நான் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்ரீரங்கத்துத் தெருவில் வேகத்தடைக்கு வெள்ளைப் பட்டை அடிக்காதது பற்றிய ஐந்தாவது மனு. முந்தைய நான்குக்கும் பதில் வந்திருந்தது. நான்கும் ஒரே பதில். எழுதியவரை எனக்குத் தெரியாது. ஆனால் எந்த மாதிரியைப் பார்த்து எழுதினார் என்பது தெரியும். முப்பத்து நான்கு வருடம் அதே மாதிரியைப் பார்த்துத்தான் நானும் எழுதினேன்.

போனில் தங்கையின் கணவர். "மச்சான், விழுந்துட்டா."

எங்கே, எப்படி, உயிர் இருக்கிறதா, எதுவும் இல்லை. பதற்றத்தில் இருப்பவர்கள் முக்கியமான கட்டங்களை நிரப்பாமலேயே படிவத்தை நீட்டுவார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். உயிர் இருக்கிறது. இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கணுக்கால் பிசகியிருக்கிறது. சமயபுரத்துக்குச் சற்று முன்னால், சர்வீஸ் ரோட்டில்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தலையில் மஞ்சள் தண்ணீர் காய்ந்திருந்தது. தை மாதம், பாதயாத்திரைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சமயபுரத்துக்கு நடக்கிற நாட்கள். முன்னால் போனவர்களில் ஒருவர் கீழே விழுந்த துண்டை எடுக்கச் சட்டென்று திரும்பியிருக்கிறார். இவள் பிரேக் பிடித்திருக்கிறாள். பின் சக்கரம் மணலில் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது. துண்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை. அவர்களே தூக்கி உட்கார வைத்து, குடத்திலிருந்த மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்து, ஆத்தா காப்பாற்றினாள் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார்கள்.

"பிரேக் நல்லாத்தாண்ணே பிடிச்சேன்," என்றாள். "பிடிச்சேன், ஆனா நிக்கல. வழுக்கிக்கிட்டே போச்சு."

அதை அவள் ஒரு வாரம் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு அறிவுரையும் கொண்டுவந்தார்கள். இந்த வயசுல எதுக்குங்க வண்டி. பொம்பளைங்களுக்கு ரோடு பார்வை கம்மி. ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருக்கலாம். நல்ல வேளை, முன் பிரேக்க பிடிக்கல, பிடிச்சிருந்தா தூக்கி அடிச்சிருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். நானும் தலையாட்டினேன்.

தங்கைக்கு ஐம்பத்தொரு வயது. சமயபுரம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியர். அவளையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறாள். பத்து வருடம் சக ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள். போன ஜூனில் அந்த ஆசிரியை மாறுதலில் போய்விட்டார். போகும்போது தன் பழைய ஸ்கூட்டரை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்குள் போகும் காலை பஸ், பிரேயர் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேரும். ஆகவே, வண்டி இல்லையென்றால் அந்தப் பள்ளி இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை அவள் கணவர் வேறு மாதிரி போட்டார். அவள் கட்டுப்போட்ட கையோடு படுத்திருக்கும்போதே அவள் பெயரில் ஒரு மாறுதல் விண்ணப்பத்தை எழுதி என்னிடம் கொண்டுவந்தார். ஆள் நல்லவர். ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். எதையும் குலுக்கிப் பார்க்காமல் ஊற்றமாட்டார்.

"வார்த்தை சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க மச்சான். மெடிக்கல் லீவ் முடியறதுக்குள்ள போட்டுடலாம்."

"அவ கேட்டாளா?"

"கேக்கமாட்டா. நாமதான் பாக்கணும்."

விண்ணப்பத்தில் 'உடல்நலம் கருதி' என்பதை 'மருத்துவக் காரணங்களின் அடிப்படையில்' என்று திருத்தினேன். அனிச்சைச் செயல். திருத்திய பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. மடித்துப் பைக்குள் வைத்தேன். கொடுக்கவில்லை.

கோபத்துக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது போக்குவரத்துத் துறையில், அலுவலகப் பிரிவில். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. பல ஊர்கள். எல்லா ஊரிலும் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு மைதானம், அதில் ஓர் எட்டு. லைசென்ஸ் கேட்டு வருகிறவர் அந்த எட்டைச் சுற்றி வரவேண்டும். காலை ஊன்றாமல் சுற்றினால் அவர் ஓட்டுநர். ஊன்றினால் இன்னொரு முறை. டிரைவிங் ஸ்கூல்காரர் தன்னிடம் இருப்பதிலேயே லேசான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். நாற்பது பேரும் அதே வண்டியில்தான் சுற்றுவார்கள். வேகம், நடந்துபோகிறவர் பொறுமையாக இருந்தால் கூடவே வரலாம் என்கிற அளவு. பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும்.

விதி அப்படிச் சொல்லவில்லை. அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. எனக்குப் பத்தி எண்ணோடு தெரியும். என் பணிக்காலத்தில் ஒருவரையாவது வேகமாக வரச்சொல்லி, நிறுத்து என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. சாலையில் எட்டு வடிவில் எந்தத் திருப்பமும் கிடையாது. ஆனால் எல்லாச் சாலையிலும் துண்டை எடுக்கத் திரும்புகிற ஒருவர் இருக்கிறார்.

தங்கைக்கு லைசென்ஸ் வாங்கும்போது நான் ஒரு போன் செய்தேன். பழைய சகா ஒருவருக்கு. அவள் எட்டைப் பாதி சுற்றியதும் போதும்மா என்று அனுப்பிவிட்டார்கள். எல்லா நடைமுறையும் தெரிந்த அண்ணன் இருந்தால் இப்படித்தான். அரை எட்டிலேயே முடிந்துவிடும்.

அவளுடைய மனநிலை என்ன என்று யாரும் கேட்கவில்லையே என்று கட்டுப் பிரித்த அன்று நான் கேட்டேன்.

"பயமா இருக்குண்ணே," என்றாள். "பிரேக் பிடிச்சும் நிக்கலன்னா அப்புறம் எதை நம்பி ஓட்டறது. ஆனா போகணும். மாறுதலெல்லாம் எனக்கு வேணாம். லீவ் முடிய இன்னும் நாலு வாரம் இருக்கு. அதுக்குள்ள எங்கயாவது யாருமில்லாத எடத்துல ஓட்டிப் பழகணும்."

யாருமில்லாத இடம். திருச்சியில் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது என் வேலையாயிற்று. நான் அதை எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன். விண்ணப்பித்தேன்.

தேர்வு நடக்கும் மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்று எழுதினேன். பதில் வந்தது. தேர்வுத் தளம் தேர்வுக்கு மட்டுமே, பயிற்சிக்கு வழங்க வழிவகை இல்லை. அந்தப் பதிலை நான்கு தடவை படித்தேன். தேர்வு வைக்க இடம் உண்டு. கற்றுக்கொள்ள இடம் கிடையாது. அப்படியானால் எங்கே கற்றுக்கொள்வது? சாலையில். லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில், L என்று சிவப்பில் எழுதி ஒட்டிக்கொண்டு. நீச்சல் கற்றுக்கொள்ள வருகிறவனைக் கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் நாளில் இறக்கிவிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு மைதானத்தில், நடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்றார்கள். ஒரு கல்லூரியில், அசம்பாவிதம் நடந்தால் யார் பொறுப்பு என்றார்கள். அசம்பாவிதம் சாலையில் நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அது எங்கள் வளாகத்துக்கு வெளியே, ஐயா, என்றார் அந்த அதிகாரி, மிகுந்த நிம்மதியோடு.

வந்த பதில் கடிதங்களைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கினேன்.

என் வீட்டு மாடியில் ஓர் இளம்பெண் தன் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறாள். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அம்மாவுக்குப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதால் ஸ்ரீரங்கத்தில் வீடு. தினமும் காவிரியைத் தாண்டி ஊரின் மறுகோடிக்கு ஒரு பெரிய மோட்டார் சைக்கிளில் போய்வருகிறாள். அதிகாலை ஷிப்டுக்கு அவள் வண்டியைக் கிளப்பினால் என் அலமாரிக் கண்ணாடி அதிரும். அதைப் பற்றி அவளுக்கு எழுத்துமூலம் ஒரு அறிவிப்பு கொடுத்திருந்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

தங்கையின் ஸ்கூட்டர் அப்போது என் வீட்டு ஷெட்டில்தான் நின்றது. அவள் கண்ணில் படக்கூடாது என்று கணவர் கொண்டுவந்து விட்டிருந்தார். ஒரு நாள் மாடிப்பெண் அதன் அருகில் குனிந்து நின்றாள்.

"விழுந்த வண்டிங்களா சார்? ஒரே பக்கமா தேஞ்சிருக்கு."

சொன்னேன். இடம் தேடி அலைந்ததையும் சொன்னேன். பதில் கடிதங்களைக் காட்டினேன். அவள் அவற்றைப் படிக்கவில்லை.

"நான் வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர்ல ரேஸ் ட்ராக் போவேன் சார்."

"ரேஸுக்கா?"

"இல்ல சார், கத்துக்க. புதுசா ஓட்டறவங்களுக்குன்னு ஒரு நாள் வெப்பாங்க. என்ன மாதிரி ஆளுங்க, காலேஜ் பசங்க, ஒரு டாக்டரம்மாகூட வந்தாங்க. எதுக்க வண்டி வராது, மாடு வராது, யாரும் ஹாரன் அடிக்கமாட்டாங்க."

"அங்கயும் வேகமாப் போறதுதான கத்துக் குடுப்பாங்க."

"மொத நாள் முழுக்க என்ன செஞ்சோம் தெரியுங்களா? நிறுத்தினோம். இருபதுல போய் நிறுத்து, நாப்பதுல போய் நிறுத்து. கை வலிச்சுப்போச்சு. அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் ஓட்டியிருக்கேன் சார், லைசென்ஸோட. அன்னிக்குத்தான் எனக்கு வண்டிய நிறுத்தத் தெரியாதுன்னு தெரிஞ்சுது."

ட்ராக் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தோல் சட்டை மாட்டிக்கொண்டு சாய்கிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். என் துறை முப்பத்து நான்கு வருடத்தில் செய்யாததை யாரோ ஒரு நாளில் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை முகத்தில் காட்டாமல் கேட்டேன். "எங்க தங்கச்சிக்கு அவ்வளவு தூரம் முடியாதும்மா. இங்க எங்கயாவது செய்ய முடியுமா?"

"சமமா சிமெண்ட் தரை இருந்தா போதும் சார். நூறு, நூத்தம்பது அடி. நான் ஞாயித்துக்கெழம வரேன்."

இடத்தைக் கண்டுபிடித்தது தங்கைதான். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நெல் காயவைக்கும் களம். தை, மாசியில் அங்கே கால் வைக்க முடியாது. அறுவடை முடிந்து பங்குனியில் கோழிகள் மட்டும் உலாவும். களத்தைப் பார்த்துக்கொள்ளும் விவசாயிக்கு நான் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் தயாரித்துக்கொண்டு போனேன். அவர் சட்டைப்பையில் கண்ணாடி இல்லை என்று அதை வாங்கவே இல்லை.

"டீச்சருக்குங்களா? ஓட்டிக்கட்டும். ஒரு ஓரமா ஆடு கட்டறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட மட்டும் சொல்லிக்கறேன்."

மூன்று அலுவலகம் தராத அனுமதி. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அதுவும் கோபமாகத்தான் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான், தங்கை, அவள் கணவர் மூவரும் ஒரு வாடகைக் காரில் போய் இறங்கினோம். மாடிப்பெண் ஸ்ரீரங்கத்திலிருந்து தங்கையின் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தாள். களத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சரியில்லை.

"சார், இதுக்கு முன் பிரேக்கே இல்ல."

"ஒடஞ்சிருச்சா?" என்றேன்.

"ஒடையல. லூஸ் பண்ணி விட்டிருக்கு." வலது கைப்பிடியில் உள்ள பிரேக்கை அழுத்திக் காட்டினாள். எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. "வயரு ஓரத்துல நட்டு இருக்குல்ல, அத முழுசா தளத்தியிருக்காங்க. தானா இப்படி ஆகாது. யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. கொள்ளிடம் பாலம் வர்றதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மெதுவா உருட்டிக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன்."

"அது அப்படித்தாம்மா இருக்கும்," என்றாள் தங்கை. "வாங்கினதுலேர்ந்து அப்படித்தான். சும்மா கைக்குப் பிடிப்புக்குன்னு நெனச்சேன்."

ஏழு மாதம் அவள் நெடுஞ்சாலையில் ஒரே பிரேக்கோடு போய் வந்திருக்கிறாள். பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கிற பிரேக். மணலில் அது பிடித்தால் வழுக்கத்தான் செய்யும். பிரேக் பிடித்தும் நிற்கவில்லை என்று அவள் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது முழு உண்மை.

நான் அவள் கணவரைப் பார்த்தேன். அவர் கோழிகளைப் பார்த்தார்.

"நீங்களா?"

"மெக்கானிக்கிட்ட சொன்னேன். அவன் எல்லா லேடீஸ் வண்டிக்கும் இப்படித்தான் செஞ்சு குடுப்பானாம்."

"யார் வண்டிக்கு யார் பிரேக்கைக் கழட்டறது? அறிவிருக்காங்க உங்களுக்கு?" என் குரல் ஆடு கட்டும் ஓரம் வரை போயிருக்கவேண்டும். ஆடுகள் திரும்பின. "பத்து பேரு நடக்கற ரோட்டுல, பிரேக் இல்லாத வண்டியைக் குடுத்து அனுப்பியிருக்கீங்க. அப்புறம் மாறுதல் விண்ணப்பம் வேற."

அவர் சத்தமில்லாமல் சொன்னார். "நீங்கதான மச்சான் சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"லைசென்ஸ் வந்த அன்னிக்கு, எங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டா தூக்கி அடிச்சிடும், கவனமா இருக்கச் சொல்லுங்கன்னீங்க. அவ மறந்துபோய்த் தொட்டுடுவாளோன்னுதான் போய்த் தளத்தச் சொன்னேன். நீங்க அந்த டிபார்ட்மெண்டு. நான் வேற யாரைக் கேப்பேன்?"

சொன்னேன். சொல்லியிருக்கிறேன். சாம்பாரைக்கூட நினைவிருக்கிறது, முருங்கைக்காய். என் இருபத்து நான்காம் வயதில், முக்கொம்பு பக்கம் மழை ஈரத்தில், திரும்பிக்கொண்டே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். தவறு என் கையில். ஆனால் அன்றிலிருந்து அது என் வாயில் ஒரு விதியாகிவிட்டது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அலுவலகத்தில் லைசென்ஸ் அட்டையைக் கையில் கொடுக்கும்போதெல்லாம், கூடவே இலவசமாக. யாரும் சந்தேகப்படவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் சொன்னால் அது சட்டம்.

இரண்டு மாதமாக ஒவ்வொருவர் மீதாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கோபத்தை வாங்கிக்கொள்ள அந்தக் களத்தில் வேறு ஆளில்லை. தங்கை என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன்.

"வண்டில முக்காவாசி பிரேக் முன்னாடிதான் சார் இருக்கு," என்றாள் மாடிப்பெண், யாரையும் பார்க்காமல். சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து முன் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். நான்கைந்து திருகு. எழுந்து அழுத்திப் பார்த்தாள். பாதியில் நின்றது. "பிடிக்கற வேளைல எடை எல்லாம் முன்னாடி வந்துடும். பின்னாடி சக்கரத்துக்குப் பிடிமானமே இருக்காது. அதான் டீச்சர் உங்களுக்கு வழுக்குச்சு. உங்க தப்பு இல்ல."

தங்கை அந்தப் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். பள்ளிக்கூடச் சாக்பீஸ். களத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"இதுல வந்ததும் பிடிக்கணும், அவ்வளவுதான?"

"அவ்வளவுதான். காலு ரெண்டும் மேல. காலு பிரேக் கெடையாது. ரெண்டு கையும் சேத்து, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி. மொதல்ல மெதுவா, அப்புறம் இறுக்கி. ஹேண்டில் நேரா இருக்கணும். கீழ பாக்காதீங்க, அந்தத் தென்னமரத்தப் பாருங்க."

முதல் ஐந்து தடவை வலது கை பிரேக்குக்குப் போகவே இல்லை. இத்தனை மாதம் அங்கே ஒன்றும் இல்லாதிருந்த பழக்கம். ஆறாவது தடவை போயிற்று, வண்டி முன்னால் தலையாட்டி நின்றது. அவளும் தலையாட்டினாள். மறுபடி. மறுபடி. மாடிப்பெண் வேண்டுமென்றே பின் பிரேக்கை மட்டும் பிடிக்கச்சொல்லி, சக்கரம் கீச்சென்று இழுப்பதைக் காட்டினாள். "கேட்டீங்கல்ல? அன்னிக்கு அடிச்ச சத்தம் இதுதான்." தங்கை வண்டியைத் திருப்பினாள். மூன்று தடவை வேண்டுமென்றே அந்தச் சத்தத்தைப் போட்டாள்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தாள். ஹேண்டிலைத் திருப்பியபடி முன் பிரேக்கை இறுக்கிவிட்டாள். மெதுவாகத்தான் சாய்ந்தாள். கணவர் ஓடினார்.

"போதும்மா. போதும். எறங்கு."

அவள் தரையில் உட்கார்ந்தபடியே முழங்கையைத் தட்டிக்கொண்டாள். "இங்க விழுந்தா கோழி பாக்குது. அங்க விழுந்தா பின்னாடி லாரி வருது. நான் இங்கயே விழுந்துக்கறேங்க."

அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

அன்று எந்த வேகத்தில் பிடித்தால் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ள அவள் தாள் கேட்டாள். என் பையில் இருந்தது ஒன்றுதான். மாறுதல் விண்ணப்பம். அவள் முன்பக்கத்தைப் படித்தாள், என் திருத்தம் உட்பட. திருப்பி, பின்பக்கத்தில் இருபது, முப்பது என்று கட்டம் போட ஆரம்பித்தாள். அதில் அடி அடியாகக் குறைந்துகொண்டு வந்தது. தலைமையாசிரியர் கையெழுத்து, ஒரு எண்கூட அடிக்கப்படவில்லை.

புதிதாக வண்டி ஓட்டுகிற யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லவேண்டும். என் சொல்லை நம்பக் காரணம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ட்ராக்குக்குப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் ஒரு களம், ஒரு மூடிய மில் வாசல், ஞாயிற்றுக்கிழமையில் பூட்டாத ஏதாவது ஒரு சிமெண்ட் தரை. அங்கே போய் நிறுத்துங்கள். கை வலிக்கும்வரை. உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியும்.

லீவ் முடிந்த திங்கட்கிழமை தங்கை ஸ்கூட்டரில் கிளம்பினாள். நாங்கள் பின்னால் வருவோம் என்றார் கணவர். வேண்டாம் என்றாள். வருவோம் என்றேன். அவர் மோட்டார் சைக்கிளில் நான் பின்னால். திருவானைக்காவலில் அவள் வீட்டிலிருந்து கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட் வரை அவர் புலம்பிக்கொண்டே வந்தார். "வேகமாப் போறாளே மச்சான். இடது பக்கம் ஒதுங்கலாமில்ல. பஸ்ஸு வருது பாருங்க, பஸ்ஸு வருது." அவள் நேராக, சீராகப் போய்க்கொண்டிருந்தாள். முதுகு அசையவில்லை.

சர்வீஸ் ரோட்டில் ஒரு பூக்கூடைக்காரப் பெண்மணி, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு பக்கமும் பார்க்காமல் குறுக்கே இறங்கினாள். தங்கையின் வண்டி முன்னால் தலையாட்டி, நேராக நின்றது. அந்தப் பெண்மணி கூடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தாண்டிப் போனாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது.

எங்களுக்கு நிற்கத் தெரியவில்லை. கணவர் வலது காலால் பின் பிரேக்கை மிதித்தார். முழு பலத்தோடு மிதித்தார் என்பதை அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த என்னால் சாட்சி சொல்ல முடியும். வலது கை முன் பிரேக்குக்கு அருகில்கூடப் போகவில்லை. சக்கரம் இழுத்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவள் கேட்ட அதே சத்தத்தை நாங்கள் கேட்டோம். போய் அவள் ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் முட்டினோம். இண்டிகேட்டர் உடைந்து ஆரஞ்சுத் துண்டுகளாகத் தரையில் விழுந்தது.

அவள் ஸ்டாண்டு போட்டு இறங்கி வந்தாள். கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "அடி ஏதும் படலயே?" பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு உடைந்த இண்டிகேட்டரை. பிறகு கடிகாரத்தை.

"பிரேயருக்கு நேரமாச்சு. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. ரோட்டுல என் பின்னாடி யாரும் வராதீங்க."

போய்விட்டாள். அவள் திரும்பும்போது வலது கையை நீட்டிச் சைகை காட்டினாள், இண்டிகேட்டர் இல்லாததால். சரியான சைகை. விதிப்படி இருந்தது.

மதிய இடைவேளையில் போன் செய்தாள். மணி அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது வந்துவிட்டதாகவும், பிள்ளைகள் கை சரியாயிற்றா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததாகவும் சொன்னாள். பிறகு குரலை மாற்றாமல், சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரிச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம களம் காலியாத்தான் இருக்காம். கேட்டுட்டேன். அவரும் வராரு, நீங்களும் வரீங்க. மாடில இருக்கற பொண்ணுகிட்டயும் சொல்லியாச்சு. ஹெல்மெட் கொண்டுவந்துடுங்கண்ணே."

அறுபத்து மூன்று வயதுக்காரனுக்கு இப்படி உத்தரவிட அவளுக்கு எந்த விதியிலும் அதிகாரம் கிடையாது. அதை யோசித்து யோசித்து நான்கு நாள் கோபமாக இருந்தேன். ஐந்தாம் நாள் என் பழைய ஹெல்மெட்டைத் தேடி எடுத்து, வாரைத் துடைத்து, வெயிலில் வைத்தேன்.